கவாத்துக்கு முன்னாடி நாசிக்

தலைப்பைப் பார்த்துட்டு, இந்த ஆளு தோட்டத்தை விட்டுட்டு டூர் அடிக்கக் கிளம்பிட்டாரான்னு நினைக்காதீங்க. கிளம்புறது உண்மைதான். பிப்ரவரி இரண்டாவது வாரம் நாசிக் போகிறோம், டிக்கெட் போட்டாச்சு. ஆனால் அந்த டிக்கெட்டைப் போடுறதுக்குள்ள வீட்டில் நடந்த பஞ்சாயத்து இருக்கே, அதை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. நகரத்தில் நீங்கள் தள்ளுவண்டியில் பார்க்கிற, கொட்டை உள்ள, கறுப்புப் பழம். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் பிறந்த வீட்டுப் பெயர். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது பதிவு. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு கிடைத்த அன்று ஊரில் லட்டு கொடுத்தார்கள். மறுநாள் வியாபாரி வந்து முந்தின நாள் விலையையேதான் சொன்னார்.

போன போகத்தில் எனக்குக் கிலோ 22 ரூபாய். அதுவும் முதல் வெட்டுக்கு. இரண்டாவது வெட்டு சமயத்தில் மூன்று நாள் மழை. பழுத்த பழம் தண்ணியைக் குடிச்சா தோல் வெடிச்சிரும். வெடிச்ச பழத்துக்கு ஈ வரும், வியாபாரி வரமாட்டார். பந்தலுக்கு அடியில் கறுப்பாய்க் கொட்டிக் கிடந்ததை அள்ளிக் குப்பைக் குழியில் போட்டோம். மருந்து, உரம், ஆள் கூலி எல்லாம் கழித்துப் பார்த்தால் கையில் நின்றதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

"பந்தலைப் பிரிச்சுத் தென்னையைப் போடுங்கப்பா" என்கிறான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன். அவன் சொல்றதில் நியாயம் இல்லாமல் இல்லை. தென்னைக்கு இத்தனை மருந்து வேண்டாம், இத்தனை ஆள் வேண்டாம். ஆனால் அந்தக் கல்தூண் ஒவ்வொன்றும் எங்கய்யா வண்டியில் ஏற்றிவந்து நட்டது. பிரித்துவிட்டால் இன்றைக்கு இருக்கிற விலைக்குத் திரும்பப் பந்தல் போட என்னால் முடியாது. பிரிச்சா பிரிச்சதுதான்.

இப்போது தோட்டத்தில் காய் நிற்கிறது. பொங்கலை ஒட்டி வெட்டு. வெட்டி முடிந்ததும் ஒரு மாதம் செடியை ஆறப் போட்டு, அப்புறம் அடுத்த கவாத்து. கவாத்து பண்ணி 120 நாளில் பழம். வருஷத்துக்கு இரண்டு போகம், இழுத்துப் பிடித்தால் இரண்டு வருஷத்துக்கு ஐந்து. எனக்கு அந்த ஆறப்போடுற ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் கையில் எடுக்க வேண்டியது கவாத்துக் கத்தரியா, கோடாலியா என்று முடிவு செய்யணும்.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னார்: "முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி, திராட்சையில நல்லா இருக்கிறவன் எப்படி இருக்கான்னு ஒருக்கா பாத்துட்டு வந்துருவோமா?" இந்தியாவில் திராட்சை என்றால் மகாராஷ்டிரா, மகாராஷ்டிராவில் நாசிக். சாப்பிடுகிற பழம், ஏற்றுமதிப் பழம், ஒயின் பழம் மூன்றையும் ஒரே மாவட்டத்தில் பார்க்கலாம். அண்ணன் இளவட்டத்தில் வாசி மார்க்கெட்டுக்கு லாரியில் போய்வந்தவர். அவரிடம் ஒரு 'லாரி ஹிந்தி' உண்டு. வசவில் தொடங்கி வழி கேட்பதில் முடியும். அது போதும் என்று நானும் மச்சானும் சேர்ந்துகொண்டோம்.

பழைய டைரி ஒன்றை எடுத்துத் திட்டம் போட ஆரம்பித்தேன். அங்கே எப்போது போனால் என்ன இருக்கும் என்பது முதல் கேள்வி. எங்களை மாதிரி அவர்கள் இரண்டு போகம் எடுப்பதில்லை. கவாத்து இரண்டு, பழம் ஒன்று. ஏப்ரலில் ஒருமுறை அடிக்க வெட்டுவார்கள். அது குச்சி முதிர்வதற்கு. அக்டோபரில் இன்னொரு கவாத்து, அது பழத்துக்கு. ஒயின் பழ வெட்டு ஜனவரியில் தொடங்கி மார்ச் வரைக்கும் ஓடும். ஏற்றுமதிப் பழமும் அந்தச் சமயம்தான். ஆக பிப்ரவரியில் போனால் செடியில் பழம், சிப்பம் கட்டுற இடத்தில் வேலை, ஆலையில் பிழிவது எல்லாம் ஒருசேரப் பார்க்கலாம். நமக்கும் அதுதான் ஓய்வு மாதம். இரண்டும் ஒத்துவந்தது.

அடுத்து வழி. போடியிலிருந்து சென்னைக்கு ராத்திரி ரயில். சென்னையிலிருந்து மும்பை போகும் ரயிலில் ஏறி, புனே தாண்டி, கல்யாணில் இறங்கணும். கல்யாணில் வேறு ரயில் மாறி, கசாரா மலையேறி, இகத்புரி வழியாக நாசிக் ரோடு. ஸ்டேஷன் பெயரிலேயே 'ரோடு' இருப்பதால் ஊருக்குள் போக இன்னும் கொஞ்ச தூரம் ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்கணும். போகும்போது இது. வரும்போது புனேயில் இறங்கி, அங்கே மாஞ்சரியில் இருக்கிற தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்தைப் பார்த்துவிட்டு வருவது என்று எழுதினேன். 1997-ல் தொடங்கிய மையம். நாடு முழுக்கப் போகிற திராட்சை ரகங்களையும், வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதையும், மருந்து அளவையும் ஆராய்கிற இடம்.

இதுவரைக்கும் சிக்கல் இல்லை. டைரியில் இரண்டாம் நாளுக்கு 'ஒயின் ஆலை' என்று எழுதி வைத்ததை வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, ஒயின் ஷாப்புக்கு டூரா?"

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒயின் என்றால் கண்ணாடிக் கிண்ணமும் மெழுகுவர்த்தியும் ஞாபகம் வரலாம். எங்க ஊரில் ஒயின் என்ற சொல் 'ஷாப்' என்ற சொல் இல்லாமல் வராது. எங்கள் வீட்டில் அதுவும் வராது. என் தம்பி 2016-ல் போனான். 38 வயசு. ஈரல் போச்சு என்றார்கள். கடைசி இரண்டு வருஷம் அவனுக்குச் சோறு ஊட்டினது என் வீட்டுக்காரிதான். பந்தல் இரண்டு ஏக்கரில் ஒரு ஏக்கர் அவன் பங்கு. அவன் மனைவியும் மகளும் அந்த ஒரு ஏக்கரை நம்பித்தான் இருக்கிறார்கள். பிள்ளை நர்ஸிங் படிக்கிறது. அந்தப் பீஸ் திராட்சையில்தான் போகிறது.

இதையெல்லாம் யோசிக்காமல் இரண்டாம் நாளுக்கு ஒயின் ஆலை என்று எழுதியது என் தப்புத்தான்.

"அங்க போய் குடிக்கப் போகல. பழத்தை என்ன பண்றாங்கன்னு பாக்கத்தான்" என்றேன்.

"உங்க தம்பியும் பாக்கத்தான் போனாக."

அப்புறம் மூன்று நாள் டைரியைத் தொடவில்லை. தோட்டத்தில் செவட்டை நோய் தலைகாட்டியிருந்தது. பனி இறங்குகிற மாதம், இலைக்கு அடியில் வெள்ளையாய்ப் பூக்கும், விட்டால் கொத்தையே கருக்கிவிடும். நோய் இன்னும் இறங்காத ஓரத்து வரிசைகளுக்கு மருந்தடிக்கக் கலவை போட்டேன். மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணி நூறு லிட்டர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கணும். கலக்கிவிட்டு அரிவாள் நுனியை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்போம். இரும்பில் செம்புச் சிவப்பு ஒட்டினால் துத்தம் அதிகம், இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். எங்கய்யா காலத்திலிருந்து இதுக்குப் பெயர் 'போர்டோ கலவை'.

அந்தப் பெயர் என்ன பெயர் என்று முப்பது வருஷமாக நான் யோசித்ததே இல்லை. நாசிக்கைப் பற்றி வாசிக்கும்போதுதான் தெரிந்தது. போர்டோ என்பது பிரான்சில் ஒரு ஊர். உலகத்துக்கே பேர்போன ஒயின் சீமை. பாதையோரத்துச் செடியில் போறவன் வாறவன் பழம் பறிக்காமல் இருக்க அந்த ஊர்க்காரர்கள் துத்தத்தையும் சுண்ணாம்பையும் தெளித்து வைத்திருந்தார்கள். நோய் வந்தபோது அந்தப் பாதையோரத்துச் செடிகள் மட்டும் தப்பி நிற்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-ல் மருந்தாகவே எழுதி வெளியிட்டார். திருடனுக்குப் பயந்து தெளித்தது, நோய்க்கு மருந்தாய் ஆனது.

மருந்தடித்துவிட்டு நீலக் கையோடு வீட்டுக்கு வந்து இதை வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நம்ம அடிக்கிற மருந்தே ஒயின் ஊர்ல இருந்து வந்ததுதான்." அவள் சிரிக்கவில்லை. ஆனால், "சரி, அந்த நாசிக்குல வேற என்ன இருக்கு?" என்று கேட்டாள். திரியம்பகேஸ்வரம் பக்கத்தில்தான், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவு, கோதாவரி பிறக்கிற மலை அங்கேதான், 12 ஜோதிலிங்கத்தில் ஒன்று என்றேன். "அதை மொதல்ல எழுதலையே நீங்க" என்றாள். டைரியை வாங்கி அவளே எழுதினாள்.

அவள் வருவது என்று ஆனது. ஆனால் பங்குக்காரி இன்னொருத்தி இருக்கிறாளே. தம்பி மனைவியிடம் சொல்லாமல் கிளம்ப முடியாது. சாயங்காலம் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே போகிறோம், எதற்கு, பந்தலைப் பிரிப்பதா வைப்பதா என்ற கேள்வி எல்லாம். ஒயின் ஆலையையும் மறைக்கவில்லை. அவள் ஆட்டுக்கு அகத்திக் கீரையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் சொன்னாள்:

"போயிட்டு வாங்க மாமா. ஆனா நம்ம பழத்தைச் சாராயத்துக்குத்தான் கொடுக்கணும், அப்பதான் பொழைக்க முடியும்னு முடிவாச்சுன்னா, என் ஏக்கரை மட்டும் பிரிச்சிருங்க. நான் வெண்டைக்காய் போட்டுப் பொழைச்சிக்கிறேன்."

எனக்குப் பதில் வரவில்லை. ஒயினும் சாராயமும் வேறு வேறு என்று அவளிடம் விளக்கம் சொல்ல நான் யார்? அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவனைத் தூக்கிவந்தது அவள்தான்.

வீட்டுக்கு வந்து டைரியை முதலிலிருந்து திருத்தினேன். இந்தத் தடவை கொஞ்சம் ஒழுங்காக வாசித்துவிட்டுத் திருத்தினேன். வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, ஒயின் எங்களுக்கு அப்படியொன்றும் சுலபமான வழி இல்லை. ஒயின் பழத்துக்குச் சர்க்கரை 22, 24 பிரிக்ஸ் வரணும். அந்தச் சர்க்கரைதான் புளித்துச் சாராயச் சத்தாக மாறுகிறது. என் தோட்டத்தில் போன போகம் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தது 17. நாசிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் ராத்திரி நல்லா நடுங்க வைக்கும், பகலில் வெயில் அடிக்கும். அந்த வித்தியாசத்தில்தான் பழத்தில் புளிப்பும் மணமும் தங்கும். அவர்கள் வைத்திருப்பதும் வேறு ரகம்: ஷெனின் பிளாங்க், சோவின்யோன் பிளாங்க், ஷிராஸ், கேபர்நே. பழம் சின்னது, சாறு குறைவு. கொத்தாய்ப் பார்த்தால் நம்ம வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

இன்னொன்றும் வாசித்தேன். அமெரிக்காவில் படித்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சமந்த், தொண்ணூறுகளின் கடைசியில் கங்காப்பூர் அணைப் பக்கம் ஒயின் திராட்சை நட்டு, 2000-ல் சூலா ஒயினை வெளியே கொண்டுவந்தார். 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை போட்டுச் சலுகை கொடுத்தது. வரிசையாக ஆலைகள் வந்தன. விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். சாப்பிடுகிற பழத்தை எடுத்துவிட்டு ஒயின் பழம் வைத்தவர்கள் நிறைய. 2008-ல் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தபோது ஒயின் விற்பனையும் சரிந்தது. வாங்க ஆளில்லாமல் நட்ட செடியைப் பலர் வேரோடு பிடுங்கினார்கள். சாப்பிடுற பழம் என்றால் விலை இல்லாவிட்டாலும் ரோட்டோரத்தில் கூடை வைத்து விற்கலாம். ஒயின் பழத்தை ஆலை வாங்காவிட்டால் யார் வாங்குவார்? ஒருத்தனை மட்டும் நம்பி நடுகிற செடி. அந்தப் பயம் எங்களுக்கும் தெரிந்த பயம்தான்.

ஆக இப்போது திட்டம் இப்படி இருக்கிறது.

முதல் நாள் திண்டோரி பக்கம் மொஹாடி. அங்கே சஹ்யாத்ரி பார்ம்ஸ் என்று விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கிற கம்பெனி. விலாஸ் ஷிண்டே என்பவர் முன்னின்று ஆரம்பித்தது. திராட்சையைச் சேர்த்து, தரம் பிரித்து, குளிரூட்டி, ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். வெளிநாட்டுக்குப் போகாத பழத்தைச் சாறாகவும் கூழாகவும் ஆக்குகிறார்கள். நாங்கள் தனித்தனியாய் வியாபாரி முன்னால் கைகட்டி நிற்கிறோம். அவர்கள் சேர்ந்து நிற்கிறார்கள். அதை எப்படிச் செய்தார்கள், முதல் பணம் எங்கிருந்து வந்தது, சண்டை வந்தால் யார் தீர்க்கிறார்கள் என்று கேட்கணும்.

இரண்டாம் நாள் பிம்பள்காவ் மார்க்கெட், நிபாட் பக்கத்துத் தோட்டங்கள். மழைக்கும் ஆலங்கட்டிக்கும் பயந்து பந்தலுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போடுகிறார்களாம். ஏக்கருக்கு என்ன செலவு, எத்தனை வருஷம் தாங்குது, மானியம் உண்டா? எங்கள் பழம் வெடிப்பதற்கு அது ஒன்றுதான் மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது. வழியில் லாசல்காவ் வெங்காய மார்க்கெட்டையும் எட்டிப் பார்க்கணும் என்கிறான் மச்சான். நம்ம ஊர்க் கடையில் பல்லாரி விலை ஏறி இறங்குவது அங்கேதானே.

மூன்றாம் நாள் பெண்களுக்குத் திரியம்பகேஸ்வரம். சிவராத்திரிக்குள் போய்விட வேண்டும், அப்புறம் கூட்டத்தில் நிற்க முடியாது. ஆண்கள் மூவரும் காலையில் அரை நாள் மட்டும் கங்காப்பூர் பக்கம் ஒரு ஒயின் ஆலை. பழத்தை எந்தப் பதத்தில் வெட்டுகிறார்கள், ஒப்பந்தத்தில் விலையை யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, மத்தியானம் நாங்களும் திரியம்பக் போய்ச் சேர்ந்துகொள்வது. அங்கே வெட்டுக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துத் தொட்டியில் இறங்கித் திராட்சையை மிதிக்கிறார்களாம். வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "போன மழைக்கு நம்ம பந்தலுக்கடியில வந்திருந்தா சும்மாவே மிதிச்சிருக்கலாமே" என்றாள்.

நான்காம் நாள் புனே மாஞ்சரி. அங்கே கேட்க ஒரே கேள்விதான்: கொட்டையுள்ள பன்னீரைச் சாறாக்கினால் மணம் போகாமல் எத்தனை மாதம் வைக்கலாம், அதற்கு எவ்வளவு சின்னதாக இயந்திரம் வைக்க முடியும்? உலர்திராட்சை எங்களுக்கு ஆகாது. கொட்டையோடு காயவைத்தால் பாயசத்தில் யாரும் போடமாட்டார்கள். சாறு ஒன்றுதான் என் மனசில் ஓடுகிறது.

இந்தத் திருத்தின திட்டத்தைத் தம்பி மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எத்தனை டிக்கெட் மாமா?" என்றாள். நாலு என்றேன். நான், வீட்டுக்காரி, அண்ணன், மச்சான்.

"அஞ்சா போடுங்க. எம் பங்கு இருக்கிற பந்தல். நானும் பாக்கணும். நீங்க வந்து சொல்றதைக் கேட்டுத் தலையாட்டுறதுக்கு, நானே பாத்துட்டு வந்துர்றேன்."

ஆட்டை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவள் அண்ணன் மகன் வருவானாம். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறாள். அப்புறம் என் டைரியை வாங்கி, கேள்விப் பட்டியலின் கடைசியில் இரண்டு வரி எழுதினாள். எட்டாவது வரை படித்த உருண்டை எழுத்து.

'தோட்டத்து வேலைக்கு வர்ற பொம்பளையாளுக்கு என்ன கூலி?'

'அந்த ஆலையில வேலை பாக்குற ஆம்பளையாளுங்க சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோறாங்களா?'

இரண்டாவது கேள்வியை லாரி ஹிந்தியில் எப்படிக் கேட்பது என்று அண்ணன் இப்போதே தலையைச் சொறிகிறார்.

60 நாளைக்கு முன்னாடிதான் ரயில் டிக்கெட் திறக்கும். திறந்த அன்று காலையில் கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்து ஐந்து டிக்கெட்டும் போட்டாயிற்று. இரண்டு கீழ்ப் படுக்கை கிடைத்தது, பெண்கள் இருவருக்கும். புளியோதரையும் தக்காளித் தொக்கும் வீட்டுக்காரி பொறுப்பு. நாசிக்கில் மிசல் பாவ் என்று காரமாய் ஒரு பயறுக் குழம்பு கொடுப்பார்கள், அதை வைத்தே நாலு நாள் ஓட்டலாம் என்கிறார் அண்ணன்.

மகனிடமும் சொன்னேன். "போயிட்டு வந்து தென்னைதான்னு சொல்லுவீங்க பாருங்க" என்றான். சொன்னாலும் சொல்லுவேன். போய்ப் பார்த்துவிட்டு நாலு பேரும் சேர்ந்து கூடாது என்றால் கோடாலியை எடுக்க எனக்கு வருத்தம் இருக்கும், குழப்பம் இருக்காது.

இப்போதைக்குக் காய் சிவந்துகொண்டிருக்கிறது. மேகமலைப் பக்கம் இல்லை, சுருளி மலைப் பக்கம் கொஞ்சம் கறுப்பாய் இருக்கிறது. வெட்டு முடிகிறவரைக்கும் மழை மட்டும் வராமல் இருக்கணும். தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மிச்சத்தை நாசிக் போய்வந்து எழுதுகிறேன்.